சீட்டு 18: நிலவு

சீட்டைத் திருப்பியதும் கேட்க வந்தவர் சிரித்தால், விழுந்தது அநேகமாகப் பதினெட்டாம் எண்ணாக இருக்கும். மரணம் விழுந்தால் முகம் வெளுக்கும். கோபுரம் விழுந்தால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். நிலவுக்கு மட்டும் ‘அட, நிலா!’ என்று ஒரு நிம்மதி. நமக்கு நிலா என்றால் மொட்டை மாடியில் பிசைந்து உருட்டிய சோறு, அழும் குழந்தைக்கு வேடிக்கை காட்டும் விளக்கு. அதில் பயப்பட என்ன இருக்கிறது?

வரைந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. நாம் பயன்படுத்தும் சீட்டுக்கட்டு 1909இல் லண்டனில் வெளியானது. ஏ. இ. வெயிட் திட்டமிட்டார், பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார், வில்லியம் ரைடர் நிறுவனம் வெளியிட்டது. இந்தச் சீட்டுக்கு வெயிட் எழுதிவைத்த பலன்கள்: மறைந்திருக்கும் எதிரி, ஆபத்து, அவதூறு, இருட்டு, பீதி, ஏமாற்று, தவறு. ஒரு நல்ல வார்த்தைகூடக் கிடையாது. நிலாச்சோறு ஊட்டிய ஊரில் உட்கார்ந்து இதை வாசிக்கிறோம் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் சிக்கல். கேட்பவரின் சிரிப்பையும் வெயிட்டின் பீதியையும் இரண்டையுமே நம்பாமல் படத்தைப் பாருங்கள்.

கீழிருந்து தொடங்குவோம். கீழே ஒரு குளம். அதிலிருந்து கொடுக்கு வைத்த ஒரு பிராணி கரையேறுகிறது. பலர் அதை நண்டு என்பார்கள். படத்தில் இருப்பதோ நீண்ட உடலும் வாலும் கொண்ட நன்னீர் இறால் வகை. நம் கடற்கரையில் காட்டினால் ‘சிங்கி இறால்’ என்பார்கள். குளக்கரையிலிருந்து ஒரு பாதை வளைந்து வளைந்து தூரத்து மலைக்குப் போகிறது. பாதையின் இரு பக்கமும் ஒரு நாயும் ஓநாயும் மேலே பார்த்து ஊளையிடுகின்றன. ஓநாய்க்குப் பதில் நரி என்று வைத்துக்கொண்டால் நமக்குப் படம் இன்னும் நெருக்கமாகிவிடும். கோடியக்கரைப் பக்கம் இருட்டில் நின்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பின்னால் இரண்டு கோபுரங்கள். பதின்மூன்றாம் சீட்டான மரணத்தில் அடிவானத்தில் தெரிவதும் இதே மாதிரி ஒரு ஜோடிதான்; அங்கே நடுவில் சூரியன் இருக்கிறது, இங்கே அது இல்லை. மேலே வட்டத்துக்குள் பக்கவாட்டில் ஒரு முகம், கண் மூடியபடி. அதிலிருந்து துளிகள் உதிர்கின்றன. எண்ணிப் பார்த்தால் பதினைந்து.

இந்தச் சீட்டை ஒருமுறை அதிராம்பட்டினம் கரையில் ஒரு மீனவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“குளம் இருக்கு, நாய் இருக்கு, பாதை இருக்கு. போறவன் எங்க தம்பி?”

பத்து வருஷம் இந்தச் சீட்டை விரித்தவன் நான். அது அதுவரை என் கண்ணில் பட்டதில்லை. பதினேழாம் சீட்டான நட்சத்திரத்தில் தண்ணீர் ஊற்றும் பெண் இருக்கிறாள். பத்தொன்பதில் வெள்ளைக் குதிரைமேல் குழந்தை இருக்கிறது. நடுவில் இதில் மட்டும் ஆள் கிடையாது. போகிறவர் சட்டத்துக்கு வெளியே, சீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால் இந்தச் சீட்டை ‘உங்களுக்கு இப்படி நடக்கும்’ என்று வாசிக்க முடியாது. ‘நீங்கள் இப்போது இப்படிப் பார்க்கிறீர்கள்’ என்றுதான் வாசிக்க முடியும்.

வரலாறு கொஞ்சம், சுருக்கமாக. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்தது. அந்தக் காலத்து விஸ்கொந்தி–ஸ்ஃபோர்ஸா கட்டில் நிலவு என்றால் கையில் பிறை ஏந்திய ஒரு பெண், அவ்வளவே. நாயும் குளமும் கோபுரமும் பிற்பாடு மார்செய் வகைக் கட்டுகளில் நிலைபெற்றவை. குறி பார்க்கும் பழக்கம் பரவியது 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸில். 1781இல் கூர் த ஜெபலின் என்பவர் இது எகிப்தியரின் ஞானம் என்று எழுதிவைத்தார். ஆதாரம் ஒன்றுமில்லை, ஆனாலும் அந்தக் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. யாராவது எகிப்து என்று ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டுக் காப்பியைக் குடியுங்கள்.

சோதிடம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு இடத்தில் வழுக்குவார்கள். கொடுக்கு, நிலா இரண்டையும் பார்த்ததும் ‘கடக ராசி, அதிபதி சந்திரன், மனோகாரகன்’ என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். திருவையாற்றுக்குப் பக்கத்தில் திங்களூர் இருக்கிற ஜில்லாவில் அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் வெயிட்டும் ஸ்மித்தும் இருந்த ‘கோல்டன் டான்’ என்ற மறைஞானச் சங்கத்தின் மரபில் இந்தச் சீட்டுக்கு ஒதுக்கியது மீன ராசி. சந்திரனை அவர்கள் கொடுத்தது இரண்டாம் எண் பெண் பூசாரிக்கு. நம் கணக்குப்படி மீனத்துக்கு அதிபதி குரு. இரண்டு மரபையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் எதற்கும் ருசி இருக்காது. தினசரிக் காலண்டரில் சந்திராஷ்டமம் பார்ப்பவர் பார்க்கட்டும். அதைக் கொண்டுவந்து பதினெட்டாம் சீட்டோடு ஒட்ட வேண்டாம்.

இனி இந்தச் சீட்டை நான் கற்ற இடம். அதிராம்பட்டினத்தில் மணல் பரந்த கடற்கரையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பாக் நீரிணையின் ஆழமில்லாத கடல், காவிரிப் படுகையின் வண்டல், அலையே இல்லாத கரை, ஒரு பக்கம் உப்பளம், கிழக்கே முத்துப்பேட்டை வரை நீளும் அலையாத்திக் காடு. கரையும் கடலும் எங்கே பிரிகின்றன என்று பகலிலேயே சொல்வது கஷ்டம். படகுகள் வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குப் போய் வரும். நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட இருக்காது. ஆனால் நிலம் அத்தனை தட்டை என்பதால் அந்தச் சிறு இறக்கத்துக்கே சேறு வெகுதூரம் திறந்துவிடும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இது இன்னும் கூடும்.

பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து ஒரு ராத்திரி, அந்த மீனவர் அண்ணனோடு வாய்க்கால் ஓரம் நடந்தேன். நிலா பிரமாதமாக இருந்தது. எதிரே கண்ணாடி விரித்த மாதிரி ஒரு பளபளப்பு. இறங்கி நடக்கலாம் என்று காலெடுத்தேன்.

“நில்லுங்க தம்பி. எது தண்ணி எது சேறுன்னு இப்பத் தெரியாது. ரெண்டும் ஒண்ணாத்தான் மின்னும்.”

கையிலிருந்த கழியை ஊன்றினார். முழங்கால் அளவு இறங்கியது. இரண்டடி தள்ளி ஊன்றினார். ‘டொக்’கென்று நின்றது. இரண்டு இடமும் என் கண்ணுக்கு ஒன்றுதான். கொஞ்ச தூரத்தில் ஓர் ஆள் குந்தியிருப்பது தெரிந்தது. யாரென்று கேட்க வாயெடுத்தேன். அண்ணன் சிரித்தார். வலை கட்ட நட்ட கம்பில் மாட்டிக்கொண்ட பழைய சாக்கு.

நிலவுச் சீட்டு இதுதான். இருட்டாக இருந்தால் நாம் ஜாக்கிரதையாக இருப்போம், நகரவே மாட்டோம். வெயிலாக இருந்தால் தெரியும். நிலா வெளிச்சத்தில்தான் தெரிகிற மாதிரியே இருக்கும். சாக்கு ஆளாகும், சேறு தண்ணீராகும். ‘ஏமாற்று’ என்று வெயிட் எழுதியதை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன். அந்த ராத்திரி யாரும் என்னை ஏமாற்றவில்லை. அரை வெளிச்சத்தை முழு வெளிச்சமாக எடுத்துக்கொண்டது நான்தான்.

அதே ஊரில் இன்னொரு பாடமும் கிடைத்தது. அதிராம்பட்டினம் பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் ஊர். குறி கேட்பது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. ஆகவே முதலில் ஒரு விதி: அப்படி நம்புகிற யாரிடமும், அங்கே மட்டுமல்ல எங்கேயும், ‘சும்மா ஒரு சீட்டு எடுங்களேன்’ என்று விளையாட்டுக்குக்கூட நீட்டாதீர்கள். நான் சீட்டு விரிப்பவன் என்று தெரிந்த ஒரு பெரியவர், ஊர் வழக்கப்படி நான் காக்கா என்று கூப்பிடுபவர், அவராகவே கேட்டார்: “படம்னா காட்டுங்க தம்பி, பாக்குறேன். பலன்லாம் வேணாம்.”

நிலவைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இது பிறையா, முழு நிலாவா?”

உண்மையில் இரண்டும்தான். வட்டத்துக்குள் பிறை, பிறைக்குள் முகம். ஸ்மித் வேண்டுமென்றே அப்படி வரைந்தாரா தெரியாது, ஆனால் படத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதைச் சொன்னேன். காக்கா சிரித்துவிட்டு, அவர்கள் பிறை பார்க்கும் கதையைச் சொன்னார். “இருபத்தொம்பது அன்னிக்கு மஃரிபு நேரத்துல பாப்போம். தெரிஞ்சா மறுநாள் ஒண்ணு. தெரியலன்னா முப்பது. அவ்வளவுதான். தெரிஞ்ச மாதிரி இருந்துச்சுன்னு சொன்னா யாரும் எடுத்துக்க மாட்டாங்க.”

எந்த ஊர்ப் பிறையை ஏற்பது, கண்ணால் பார்ப்பதா கணக்கிடுவதா என்பதில் தமிழக முஸ்லிம்களுக்குள் பல கருத்துகள் உண்டு. அதற்குள் போக எனக்குத் தகுதியில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த முப்பது. மேகம் மூடியிருக்கலாம், பார்வை மங்கியிருக்கலாம், வானத்தில் பிறை இருந்தும் இருக்கலாம். ஆனால் தெரியவில்லை என்றால் என்ன செய்வது என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது. சந்தேகத்துக்கு ஒரு நாள் ஒதுக்கியாகிவிட்டது. அதற்குமேல் பதற்றமில்லை. நிலவு விழும்போதெல்லாம் கேட்பவரிடம் இந்த முப்பதாம் நாளைத்தான் நான் தேடச் சொல்கிறேன்: தெரியாமலே போனால் எந்தத் தேதிவரை பொறுப்பீர்கள், அதன்பின் என்ன செய்வீர்கள்?

வரிசையிலும் இந்தச் சீட்டு எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். 16 கோபுரம், 17 நட்சத்திரம், 18 நிலவு, 19 சூரியன். இடிந்து விழுந்தபின் வெளிச்சம் படிப்படியாகக் கூடுகிறது. நம் பகுதிக்கு இதைப் புரியவைக்கப் படம் தேவையில்லை. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துத் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. (நவம்பர் 16, பதினாறாம் சீட்டு கோபுரம் என்று யாராவது உங்களிடம் கண்ணை உருட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் பதினாறாம் தேதி வருகிறது.) ஒரு வாரம் கழித்து 23ஆம் தேதி கார்த்திகை தீபம், பௌர்ணமி. பல கிராமங்களில் அப்போதும் கரண்ட் வரவில்லை. நிலா மட்டும் இருந்தது. தோப்பு வைத்திருந்த எனக்குத் தெரிந்த ஒருவர் ராத்திரி தூக்கம் வராமல் போய் எண்ணிப் பார்த்துவிட்டு, ‘ஒண்ணும் மிச்சமில்ல’ என்று வந்து படுத்தார். விடிந்து எண்ணியபோது பதினொன்று நின்றிருந்தன. பதினொன்றால் பெரிய வித்தியாசமில்லைதான். ஆனால் ராத்திரி எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அவர் தோப்பையே விற்றுவிடுவது என்று முடிவெடுத்திருந்தார்.

கோபுரத்துக்குப் பக்கத்தில் நிலவு விழுந்தால் இதைச் சொல்லுங்கள்: சேதக் கணக்கை ராத்திரி போடாதீர்கள்.

சரி, மேசைக்கு வருவோம். பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். தம்பிக்கு வளைகுடாவில் வேலை, ஏஜென்ட் ஒருவர் பணம் கேட்கிறார், கொடுக்கலாமா என்பது கேள்வி. மூன்று சீட்டு விரித்ததில் நிகழ்கால இடத்தில் நிலவு. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருந்த பையன் என் காதில், ‘ஏமாற்றுக்காரன் சார், சொல்லிடுங்க’ என்றான். அப்படிச் சொல்லியிருந்தால் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. ஏஜென்ட் அயோக்கியன் என்று சீட்டு சொல்லவில்லை. நல்லவரா இல்லையா என்பது இந்த வெளிச்சத்தில் தெரியாது என்கிறது. நல்ல மனுஷர் ஒருவரின் பிழைப்பில் மண்ணைப் போட நமக்கு என்ன உரிமை?

கழியை ஊன்றுவது எப்படி என்று அவனுக்குக் காட்டினேன். அக்காவிடம் ஒரு தாளைக் கொடுத்து, நடுவில் கோடு போடச் சொன்னேன். இந்தப் பக்கம் நீங்கள் கண்ணால் பார்த்தது, அந்தப் பக்கம் அவர் வாயால் சொன்னது. பார்த்தது என்ற பக்கத்தில் ஒரு விசிட்டிங் கார்டும் வாட்ஸாப்பில் வந்த ஒரு கட்டடத்தின் படமும்தான் தேறின. மற்றதெல்லாம் அந்தப் பக்கம். அடுத்து, அந்தப் பக்கத்தில் இருப்பவற்றில் எதையெல்லாம் சரிபார்க்க முடியும்? பதிவு பெற்ற ஏஜென்டுகளின் பட்டியலை மத்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்க்கலாம். அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். விசா வேலை விசாவா, சுற்றுலா விசாவா? சம்பளம் போட்ட ஒப்பந்தத்தைக் கையில் தருவாரா? கடைசியாக முப்பதாம் நாள்: எந்தத் தேதிக்குள் இவை வராவிட்டால் பணம் இல்லை? அக்கா அங்கேயே தம்பிக்குப் போன் போட்டு, “அந்த நம்பரக் கேட்டு வாங்கு, வர்ற வெள்ளிக்கெழமக்குள்ள” என்றார். பிறகு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. என் வேலை அந்தப் போனோடு முடிந்துவிட்டது.

நிலம் வாங்கும் கேள்விக்கு நிலவு விழுந்தாலும் இதே வழிதான். பட்டா யார் பேரில் இருக்கிறது, வில்லங்கச் சான்று எத்தனை வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தார்கள் என்று கேளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். கடந்தகால இடத்தில் விழுந்தால் அவர் நினைவில் வைத்திருக்கும் ஏதோ ஒரு சம்பவம் அவர் நினைக்கிற மாதிரி நடக்காமல் இருந்திருக்கலாம். மெல்லக் கேளுங்கள், தோண்டாதீர்கள். எதிர்கால இடத்தில் விழுந்தால் ‘கெட்ட காலம் வருது’ என்று படிக்கக் கூடாது. இன்னும் கொஞ்ச நாள் விடை முழுதாகத் தெரியாது, அவ்வளவே. பக்கத்தில் சூரியன் இருந்தால் காத்திருப்பது வீண்போகாது. நீதி இருந்தால் பேச்சை விட்டுக் காகிதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏழு கிண்ணங்கள் பக்கத்தில் வந்தால் கேட்பவர் ஆசைப்பட்டதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். இந்த ஜோடிக்கு நான் பலனே சொல்வதில்லை, தூங்கி எழுந்து நாளைக்கு வாருங்கள் என்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். ‘மறைந்திருக்கும் எதிரி’ என்று பழைய புத்தகத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, ‘யாரோ உங்களுக்குச் செய்வினை வெச்சிருக்காங்க’ என்று சொல்லிவிடுவது நம் ஊரில் மிகச் சுலபம். கேட்பவர் மனதில் ஏற்கெனவே ஒரு பங்காளி, ஒரு ஓரகத்தி, ஒரு பக்கத்து வீட்டுக்காரர் இருப்பார். நீங்கள் பேர் சொல்ல வேண்டியதே இல்லை; அவரே சாக்குக்குக் கை கால் முளைக்க வைத்துவிடுவார். அடுத்த வாரம் பரிகாரத்துக்கு எவ்வளவு என்று கேட்பார். அதில் வரும் பணம் எத்தனை குடும்பங்களைப் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆக்கியிருக்கிறது என்பதை நான் பார்த்திருக்கிறேன். இந்தச் சீட்டை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்குபவர் இந்தப் புத்தகத்தை மூடிவிடலாம். நோய், கர்ப்பம், கணவன் மனைவி சந்தேகம் மூன்றுக்கும் நிலவு விழுந்தால் பேசாமல் சீட்டைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். டாக்டரோ, அந்த இன்னொருவரோதான் பதில் சொல்ல வேண்டும்.

வேறொன்றும் நடக்கும். நிலவு விழுந்ததும் கேட்பவர், ‘இன்னொரு சீட்டு எடுக்கட்டுமா?’ என்பார். விடாதீர்கள். சேற்றில் மாட்டியவர் காலை உதற உதற உள்ளே போவதுபோல், எடுக்க எடுக்கக் குழப்பம்தான் கூடும். தாளில் எழுதிய தேதிவரை அந்தக் கேள்விக்குச் சீட்டு கிடையாது.

மிச்சம் இருப்பது தலைகீழ் நிலவு. குழப்பம் விலகும், உண்மை வெளிவரும் என்று சிலர் எழுதுகிறார்கள். குழப்பம் உள்ளுக்குள் இறங்கிவிட்டது என்று சிலர். வெயிட் சொன்னது நிலையின்மை, மௌனம், கொஞ்சம் குறைந்த ஏமாற்று. மூன்றையும் வைத்துக்கொண்டு வெகுநாள் தடுமாறினேன். அதற்கு விடையும் அந்த மீனவர் அண்ணனிடமிருந்துதான் வந்தது. சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தச் சிங்கி இறாலை விரலால் தட்டினார்.

“இது வெளிய வந்துரும்னு நெனைக்காதீங்க தம்பி. மெதுவா நடந்தா முன்னால வரும். மெரண்டுச்சுன்னா வால அடிச்சுப் பின்னாலதான் பாயும்.”

அன்றிலிருந்து தலைகீழ் நிலவுக்கு எனக்கு ஒரே கேள்விதான்: இவர் மெதுவாகக் கரையேறிக்கொண்டிருக்கிறாரா, மிரண்டு பின்னால் பாய்ந்துவிட்டாரா? கேட்பவர் பேசும் வேகத்திலேயே அது தெரிந்துவிடும். நிதானமாகப் பேசினால் குழப்பம் விலகுகிறது என்று வாசிக்கலாம். பாதியில் நிறுத்தி, ‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, விடுங்க’ என்றால் குளத்துக்குள் போய்விட்டார். கொடுக்கைப் பிடித்து இழுக்கக் கூடாது. டீ சொல்லிவிட்டு வேறு பேசுங்கள். அன்றைய நோட்டில் இந்தச் சீட்டுக்கு நேரே ‘வாலை அடித்தது’ என்று மட்டும் எழுதிவைப்பேன். பேர், ஊர் எழுதுவதில்லை.